கம்பெனி பஸ்ஸில் ஓடிய அனிமே

டிசம்பர் பிறந்துவிட்டால் எனக்குள் ஒரு விமர்சகன் எழுந்து, முகம் கழுவி, தீர்ப்பு சொல்ல உட்கார்ந்துவிடுவான். ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்களான மங்காவை அசையும் படமாக்கினால் அது அனிமே. அந்த ஆண்டு வந்த அனிமேக்களில் எது தன் புத்தகத்துக்கு உண்மையாக இருந்தது, எது துரோகம் செய்தது என்று என் வலைப்பூவில் எழுதுவது அவன் உத்தியோகம். யாரும் அவனிடம் கேட்கவில்லை. இதைத் தமிழில் எழுதுகிற ஆள் ஜொகூரிலேயே நான் ஒருவன்தான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. வாசகரும் ஒருவர்தான். என்னோடு பள்ளியில் படித்து இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். நான் எதை எழுதினாலும் "சூப்பர்லா" என்று பின்னூட்டம் போடுவான். படிக்கிறானா என்று நான் கேட்டதில்லை, பயம்தான்.

ஆண்டிறுதிப் பதிவின் கடைசிப் பத்தியில் திட்டங்கள் வரும். வாரம் ஒரு பதிவு, மாதம் ஒரு ஒலிப்பதிவு, வலைப்பூவுக்குப் புது முகப்பு. பொங்கல் வருவதற்குள் எல்லாம் காற்றோடு போய்விடும். மறு டிசம்பரில் அதே பத்தியை எடுத்துத் தூசி தட்டிப் போடுவேன். என் எழுத்தில் மூலத்திலிருந்து ஓர் எழுத்தும் பிசகாத ஒரே தழுவல் அதுதான்.

மற்றபடி என் கொள்கை கறாரானது. புத்தகத்தில் இருப்பதைத் தொடாதே. ஓர் அத்தியாயத்தை வெட்டினாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாவற்றையும்விடப் பெரிய பாவம், புத்தகம் முடிவதற்கு முன்னால் படம் எடுப்பவர்கள் தாங்களாகவே ஒரு முடிவைக் கட்டி ஒட்டுவது. 'முடியாத கதையை முடிக்க நீ யார்?' என்று ஆவேசமாக ஒரு நீண்ட பதிவே போட்டிருக்கிறேன். சூப்பர்லா.

போன ஆண்டு என்னைக் கட்டிப்போட்ட தொடர் ஒன்று இருந்தது. உடைந்த பாலங்களைச் செப்பனிட்டுக்கொண்டே ஊர் ஊராகப் போகும் ஒரு பெண்ணின் கதை. ஒவ்வொரு பாலத்தைக் கடக்கும்போதும், அவளை அறிந்தவர்களில் ஒருவர் அவளை மறந்துவிடுவார். அதுதான் அவளுக்கு இருந்த சாபம். கடைசிப் பாலத்துக்கு அக்கரையில் அவள் அம்மாவின் வீடு. கடந்தால் மறக்கப்போவது அந்த அம்மாதான். அவள் பாலத்தில் வைக்கக் காலைத் தூக்குகிறாள், தொடர் முடிந்துவிட்டது. புத்தகமும் அங்கேயேதான் நின்றிருந்தது. வரைகிறவருக்கு உடம்பு சரியில்லை என்று அறிவிப்பு வந்திருந்தது.

என் அம்மாவும் ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்ப்பார். பாசிர் கூடாங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பேக்கிங் வேலை அவருக்கு. திரையில் ஓடும் ஆங்கில எழுத்தை அவரால் அத்தனை வேகமாகப் படிக்க முடியாது. அதனால் நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். ஒரு சொல்லும் சிதையாமல் சொல்வதாக எனக்கு நினைப்பு.

அக்டோபரில் ஒரு சாயங்காலம், மாசாய் இரவுச் சந்தையில், எங்கள் பேச்சில் பாசார் மாலாமில், அம்மாவோடு காய்கறி வாங்கிக்கொண்டிருந்தேன். அம்மாவைவிடக் கொஞ்சம் மூத்த ஒரு பெண்மணி என் கையைப் பிடித்து நிறுத்தினார். அம்மாவோடு வேலை செய்பவர், கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டு.

"தம்பி, அந்த மண்டோர் செத்தானா இல்லியா?"

"எந்த மண்டோர், ஆன்டி?"

"அதான் தம்பி, அந்தப் பாலம் கட்டுற புள்ளய பாடா படுத்துறானே!"

அம்மா திடீரென்று கத்திரிக்காய்களை மிகுந்த அக்கறையோடு ஆராய ஆரம்பித்தார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. ஞாயிறு பார்ப்பதை அம்மா திங்கட்கிழமையிலிருந்து பஸ்ஸில் கதையாகச் சொல்லிவந்திருக்கிறார். பாலத்தடியில் வாழும் பூதம், தோட்டத்தில் ஆள்களை மிரட்டி வேலை வாங்கும் மண்டோராகிவிட்டது. கதாநாயகியின் தோளில் உட்கார்ந்து பேசும் காக்கா, அவளைக் கட்டிக்கொள்ளக் காத்திருக்கும் மாமன் மகனாகிவிட்டது. புத்தகத்தில் எங்குமே இல்லாத ஒரு சித்தியும் கதைக்குள் புகுந்து சொத்தை அபகரித்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸே அவளைச் சபித்துக்கொண்டிருந்தது. எனக்கு ஒரே ஒரு வாசகன். அம்மாவுக்கு ஒரு பஸ் நிறைய. வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன்.

அந்த ஆன்டி கையை விடவில்லை. "மண்டோர் கெடக்கட்டும். கடைசில அந்தப் புள்ளய அவ அம்மாவுக்கு அடையாளம் தெரிஞ்சிச்சா? அத மட்டும் சொல்லு தம்பி."

"அது இன்னும் வரல ஆன்டி" என்றேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா சொன்னார். "அக்கா இந்த வருசத்தோட வேலய விடுறாங்க. லாயாங் லாயாங்ல இருக்கிற அவங்க அம்மாவுக்கு மறதி நோய். பெத்த பிள்ளையவே யாருன்னு கேக்குறாங்களாம். கூட இருந்து பாத்துக்கப் போறாங்க. அவங்க கடைசி நாளுக்குள்ள கதைய முடிக்கணும்டா."

"புக்கே முடியலம்மா."

"இத்தன வருசமா எழுதுறியே, நீ முடிச்சுக் குடு."

என் கொள்கையை விளக்கினேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "சரி, எப்ப தருவே?" என்றார்.

முதலில் நவீனமாக ஒன்று எழுதினேன். அவள் பாலத்தில் கால் வைக்கிறாள், பனி மூடுகிறது, மிச்சம் பார்ப்பவர் மனதுக்கு. "இதப் போயி சொன்னா என்னைய பாதி வழியில எறக்கி விட்டுருவாங்க" என்றார் அம்மா. "அவ அம்மாவுக்கு அடையாளம் தெரியணும். அக்கா சந்தோசமா போவட்டும். அவ்வளவுதான்." எனவே, கையில் இருக்கும் மச்சத்தைப் பார்த்து அம்மா மகளைக் கட்டிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தேன். ஆமாம், மச்சம். என் வலைப்பூவை அன்று திறக்கவே கூச்சமாக இருந்தது.

ஆண்டின் கடைசி வேலைநாளில், சாயங்காலம் வீடு திரும்பும்போது, மோட்டார்சைக்கிள் மக்கர் செய்கிறது என்று ஒரு பொய்யைச் சொல்லி நானும் அம்மாவின் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். நான் வேலை செய்யும் கிடங்கு அதே சாலையில்தான். என் எழுத்துக்கு ஆள்கள் கண்ணீர் விடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்ற நப்பாசை. பின் சீட்டில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா பிரமாதமாகச் சொன்னார். மண்டோர் திருந்தினான், சித்தி ஓடினாள், மாமன் மகன் பாலத்தின் இந்தப் பக்கம் தாலியோடு காத்திருந்தான். மச்சம் வந்ததும் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். ஒருவர் கையே தட்டிவிட்டார். நான் சன்னலுக்கு வெளியே பார்ப்பதுபோல் பாவனை செய்தேன்.

"அப்படி இருக்காதுலா" என்றார் அந்த ஆன்டி.

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"மச்சத்தப் பாத்தெல்லாம் ஞாபகம் வராது. போன வாரம் அம்மாவப் பாக்கப் போனேன். யாரும்மா நீ, எந்த ஊருன்னு கேட்டாங்க. நான் ஒன்னும் சொல்லல. கொஞ்ச நேரம் மூஞ்சியவே பாத்துட்டு, வெயில்ல வந்திருக்கியே, உக்காரு, சாப்ட்டுட்டுப் போன்னு தட்ட எடுத்து வச்சாங்க. அந்தப் புள்ளைக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். அவ உக்காந்து சாப்ட்டிருப்பா."

அம்மா மெதுவாகச் சொன்னார். "ஆமாக்கா, அப்படித்தான் இருந்திச்சு. எம் பையன்தான் தப்பா படிச்சுச் சொல்லிட்டான்."

பழி என் தலையில் விழுந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அத்தனை ஆண்டுகளாக முடிவுகளைப் பற்றி நீட்டி முழக்கிய எனக்கு, ஒரு முடிவு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆன்டி இறங்கும்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

இந்த நவம்பரில் புத்தகம் முடிந்துவிட்டது. வரைகிறவர் குணமாகித் திரும்பி வந்து கடைசி அத்தியாயத்தைப் போட்டார். அம்மா மகளை அடையாளம் கண்டுகொள்கிறாள், அதுவும் நெற்றித் தழும்பைப் பார்த்து. உலகெங்கும் ரசிகர்கள் குதூகலித்தார்கள். என் கொள்கைப்படி நான் விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கோ ஆத்திரமாக வந்தது. இந்த மனிதருக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று ஆண்டிறுதிப் பதிவை ஆரம்பித்தேன், மேலே ஓடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை லாயாங் லாயாங்கிலிருந்து அந்த ஆன்டி அம்மாவின் போனுக்குக் கூப்பிட்டார். அவர் அம்மா இன்னும் இருக்கிறார், இப்போது பேச்சும் குறைந்துவிட்டதாம். வேளாவேளைக்கு ஊட்டிவிடுவது ஆன்டிதான். பேச்சு அங்கே சுற்றி இங்கே சுற்றிக் கதைக்கு வந்தது. புத்தகம் முடிந்துவிட்டதா என்று கேட்டார். முடிவு இன்னது என்று காலையில்தான் அம்மாவிடம் புலம்பியிருந்தேன்.

அம்மா என்னைப் பார்த்தார். "முடிஞ்சிருச்சுக்கா. நீங்க சொன்னதுதான். வரையிறவன் அப்படியே போட்டிருக்கான்."

"தம்பிகிட்ட குடுங்க" என்றார் ஆன்டி. நான் வாங்கினேன்.

"தம்பி, நெசமாவா? நீதான புக்கப் படிச்சவன்."

"நெசம்தான் ஆன்டி" என்றேன். "ஒரு வரிகூட மாறல."