அக்கா ஏன் குழந்தையைத் தூக்கவில்லை

என் அக்கா சந்தையில் மீன் வெட்டுகிறவள். மீன் விற்கிறவள் இல்லை. இந்த வித்தியாசம் அவளுக்கு முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடைகளில் வாங்கிய மீனை ஜனங்கள் அவளிடம் நீட்டுவார்கள். செதில் சுரண்டி, செவுள் பிடுங்கி, குடலை வழித்துப் போட்டு, கேட்ட அளவில் துண்டு போட்டுத் தருவாள். சந்தையில் அவளுக்கு 'மெஷின்' என்று பட்டப்பெயர். அம்மா போன பிறகு என்னையும் தங்கையையும் அந்தக் கத்தியை வைத்துத்தான் ஆளாக்கினாள். தனக்கென்று ஒரு கல்யாணம் காட்சி பார்த்துக்கொள்ளவில்லை. கேட்டால், "நேரமில்லடி" என்பாள்.

நான் போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலையில் இருக்கிறேன். முகம் தெரியாதவர்கள் திட்டத் திட்ட "மன்னிக்கணும் சார்" என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அங்கே விழுங்கிய கோபமெல்லாம் வெளியே வந்ததும் யார் தலையிலாவது விடியும். தங்கை படிப்பில் கெட்டிக்காரி. பல் டாக்டராகி, வேறு ஊரில் குடும்பமாகிவிட்டாள்.

அவளுக்குப் பையன் பிறந்தான். கைக்குழந்தையோடு கொஞ்ச நாள் எங்களுடன் இருக்க வந்தாள். பிள்ளைக்கு இடது கன்னத்தில் பாதியை மூடிக்கொண்டு பிறவியிலேயே ஒரு சிவப்பு மச்சம். அதனால் ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அவனைக் கீழேயே விடமாட்டேன். அக்கா மட்டும் தொடவே இல்லை. கதவோரம் நின்று பார்ப்பாள். "தூக்கேன்க்கா" என்றால், "கை ஈரமா இருக்கு" என்பாள். இன்னொரு நாள், "சளி பிடிச்சிருக்கு." இன்னொரு நாள், "தூங்கட்டும், விடு." பிள்ளையோ கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருப்பான்.

ஒரு நாள் தங்கை என்னிடம், "அக்காவுக்கு என் பிள்ளையப் பிடிக்கல" என்றாள்.

"லூசு மாதிரி பேசாதே. ஏன் பிடிக்காம போகணும்?"

அவள் பிள்ளையின் முகத்தைத் தன் தோளோடு திருப்பிக்கொண்டாள். "மாசக் கடைசியில கிளம்பிடறேன். இனிமே இவனைக் கூட்டிக்கிட்டு இங்க வரமாட்டேன்" என்றாள். அவள் அழுத்தக்காரி. சொன்னால் செய்கிறவள்.

இதற்கு நடுவில் அக்காவின் கைகள் வெடித்து ரத்தம் கசிய ஆரம்பித்தன. பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். தோல் டாக்டர் துருவித் துருவிக் கேட்டதில் உண்மை வெளியே வந்தது. சந்தையிலிருந்து வந்ததும் எலுமிச்சை, சோடா உப்பு எல்லாம் போட்டுத் தேய்த்து, அதுவும் போதாமல் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக் கையை முக்கி வைக்கிறாளாம். "அது கக்கூஸ் கழுவுறதும்மா" என்றார் டாக்டர். களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, தாழ்வாரக் கடைசியில் இருந்த மனநல ஆலோசகரைப் பார்க்கச் சொன்னார்.

"எங்க அக்காவுக்கு என்ன, பைத்தியமா?" என்று உள்ளே நுழைந்ததுமே அந்த அம்மாவிடம் எகிறினேன்.

"உக்காருங்க. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் அவர், என் கத்தல் காதிலேயே விழாததுபோல. பிறகு அக்காவைப் பார்த்தார். "கை இப்படி ஆகுற அளவுக்கு எதைக் கழுவுறீங்க?"

அக்கா தரையைப் பார்த்தபடி, "நான் நாறுறேன்" என்றாள்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள். பஸ்ஸில் கடைசி சீட்டில்தான் உட்காருவாள். லிஃப்டில் ஏறமாட்டாள். மூடிய அறைக்குள் யாராவது கூப்பிட்டால் ஜன்னலைத் தேடுவாள். போட்டோவில் ஓரமாக நிற்பதும், என் ஆபீஸ் வாசலோடு திரும்புவதும் கூச்சம் என்று நினைத்திருந்தேன். கூடவே படுத்து எழுந்தவளுக்கு இது தெரியவில்லை. வெட்கக்கேடு.

"நடந்தது ஒண்ணு. அதுக்கு மனசு சட்டுன்னு சொல்ற அர்த்தம் வேற ஒண்ணு" என்றார் ஆலோசகர். "ரெண்டும் ஒட்டிக்கிட்டே வர்றதால நாம ரெண்டையும் ஒண்ணாவே எடுத்துக்கிறோம். உடனே அவமானமா இருக்கு, உடனே ஒதுங்கிடறோம். நீங்க நினைக்கிறது தப்புன்னு நான் சொல்லல. சோதிச்சுப் பாக்கலாம்னு சொல்றேன். கடைசி சீட்டுல உக்காந்தா, பக்கத்துல இருக்கிறவங்க எந்திரிச்சுப் போவாங்களா மாட்டாங்களான்னு எப்படித் தெரியும்? நீங்க போட்டுக்கிற காவல்தான் உங்களைத் தெரிஞ்சுக்க விடாம வச்சிருக்கு."

சோதனை இதுதான். எலுமிச்சை கிடையாது, ப்ளீச் கிடையாது, சாதா சோப்பு மட்டும். பஸ்ஸில் நடு சீட்டு. என்ன நடக்கும் என்பதை ஏறுவதற்கு முன்பே என்னிடம் சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் பிறகு மனசு கதையை மாற்றாது என்றார். நான் சாட்சி.

"யாரும் பக்கத்துல உக்கார மாட்டாங்க. உக்காந்தாலும் எந்திரிச்சுடுவாங்க. பஸ்ஸே திரும்பிப் பாக்கும்" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறினாள். தூக்குமேடைக்கு ஏறுகிற முகம்.

பக்கத்தில் ஒரு தடித்த அம்மாள் வந்து உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அக்காவின் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். முன்னால் இருந்த கல்லூரிப் பெண் போனை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. அப்போதுதான் எதிர்ப் பக்கத்தில் இருந்த ஒருத்தி அக்காவை ஒரு பார்வை பார்த்து, கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "என்னம்மா? மூக்கு கழண்டு விழுந்துடுமா? வீட்டுல மீன் திங்கும்போது எதை வச்சுப் பொத்துவே?" என்று கத்தினேன். ஒருத்தர் பாக்கி இல்லாமல் பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தூங்கிய அம்மாளும் விழித்துக்கொண்டார். அக்கா வேர்த்துப்போய் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வழியிலேயே இறங்கினாள். வீடுவரை நடந்தோம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பஸ்ஸைத் திரும்பிப் பார்க்க வைத்தவள் நான்தான் என்று எனக்குப் பாதி வழியில் உறைத்தது. பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

அடுத்த முறை ஆலோசகரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன், என் லட்சணத்தையும் சேர்த்து. அக்காவின் தோளில் தூங்கிய அம்மாளைப் பற்றி அவர் இரண்டு தடவை கேட்டார். "இதையும் கணக்குல சேக்கணும். மனசு கைக்குட்டையை மட்டும் எடுத்து வச்சுக்கும்" என்றார். பிறகு, "கையைக் குடுங்க" என்று அக்காவின் கையை வாங்கி மூக்கருகே வைத்து முகர்ந்தார்.

"மீன் வாசனை இருக்கு. லேசா."

அந்த அம்மாவை அறையலாமா என்று வந்தது எனக்கு. ஆனால் அக்கா முதன்முறையாகத் தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தாள். "இருக்குல்ல?" என்றாள். குரலில் அப்படி ஒரு நிம்மதி. 'அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா' என்று சொல்லிச் சொல்லியே நான் அவளைத் தனியாக விட்டிருக்கிறேன் போல.

"இருக்கு. சரி, இருந்தா என்ன?"

"ஜனங்க மூஞ்சியச் சுளிப்பாங்க."

"சுளிச்சா?"

"மதிக்க மாட்டாங்க."

"எல்லாரையும் விடுங்க. யாரு மதிக்காட்டி தாங்காது?"

அக்கா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள். பிறகு, "சின்னவ" என்றாள்.

தங்கை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாள். நேரமாகிவிட்டதென்று அக்கா சந்தையிலிருந்து அப்படியே ஓடியிருக்கிறாள். வாசலில் தங்கை தடுத்து, "நீ இனிமே இங்க வராதக்கா. எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க" என்றாளாம். அக்கா இதுவரை அதை யாரிடமும் சொன்னதில்லை. "சின்னப் பொண்ணு, தெரியாம சொல்லிட்டா. அவ மேல தப்பில்ல" என்றாள். அப்புறம் சொன்னதுதான் என்னைக் கொன்றுபோட்டது. "குழந்தையத் தூக்கினா என் நாத்தம் அவன் சட்டையில ஒட்டும். அவ இப்ப ஒண்ணும் சொல்ல மாட்டா. நான் அந்தண்டை போனதும் சட்டைய மாத்துவா. அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல."

"அவங்க மனசுல என்ன இருக்குன்னு நீங்களே படிச்சு, தீர்ப்பும் எழுதியாச்சு" என்றார் ஆலோசகர். "அவங்களைக் கேட்டீங்களா?"

தங்கை கிளம்புவதற்கு முந்தின நாள் அக்கா கேட்டாள். அதற்கு முன்னால் அடுக்களையில் என்னிடம், "'அப்படியெல்லாம் இல்லக்கா'ன்னு பொய் சொல்லுவா பாரு" என்றாள். சாதா சோப்பில் கை கழுவிவிட்டு நேராக அறைக்குள் போய் நின்றாள். தங்கை துணி மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை கட்டிலில் தூங்கினான்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல நான் வந்து நின்னது உனக்கு அவமானமா இருந்துச்சா?"

தங்கையின் கை நின்றது. 'இல்லைன்னு சொல்லித் தொலையேன்டி' என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன்.

"ஆமாக்கா. இருந்துச்சு" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. "அதைச் சொன்ன பிறகு உன் மூஞ்சியப் பாக்க அவமானமா இருந்துச்சு. இன்னிக்கு வரைக்கும் இருக்கு."

"இப்ப? இப்பவும் நாறுதா?"

"மீன் வெட்டிட்டு வந்தா மீன் வாசனை அடிக்காம பூ வாசனையா அடிக்கும்? நான் நாள் பூரா ஊரான் வாய்க்குள்ள கைய விட்டுட்டு வர்றேன். நீ ஏன்க்கா இப்ப..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "நீ அதனாலயா இவனைத் தூக்கல?"

"பின்ன எதனாலன்னு நெனச்சே?"

தங்கை குனிந்து பிள்ளையின் இடது கன்னத்தை மறைத்திருந்த துணியை விலக்கினாள். "இதனாலன்னு" என்றாள்.

"அடிப்பாவி!" அக்கா அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "அந்தக் கன்னத்தைப் பாக்கத்தாண்டி தெனம் கதவோரம் வந்து நின்னேன்!"

தங்கை முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஊரில் இருக்கிறவர்கள் குறையெல்லாம் காதில் வாங்குகிறவள் நான். ஒரே வீட்டுக்குள் இருந்த இவர்களில் ஒருத்தி குறையைக்கூடக் கேட்கத் துப்பில்லாமல் இருந்திருக்கிறேன்.

அக்கா குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். பழக்கமில்லாத கை, விறைத்துப்போய் இருந்தது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு வீடே இடிகிற மாதிரி வீறிட்டான்.

அக்காவின் முகம் செத்துவிட்டது. பஸ்ஸில் பார்த்த அதே முகம். "நாத்தம்டி. பாரு, தாங்காம அழறான். பிடி, பிடி" என்று நீட்டினாள். தங்கையின் கைகள் தன்னால் முன்னே வந்தன. பாதியில் நிறுத்தி, இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நாத்தமா இருக்கலாம். பசியா இருக்கலாம். தூக்கம் கெட்டதுக்கு இருக்கலாம். யாருக்குத் தெரியும்? நீயே வச்சுக்கோ."

"அழறான்டி!"

"அழட்டும்க்கா."

நீட்டிய கைகளை அக்கா மெதுவாக மடக்கினாள். அந்தச் சிவந்த கன்னத்தை, வெடிப்பு ஆறாத கையால் தன் கழுத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அவன் இன்னும் பலமாகக் கத்தினான். அவளும் அழுதாள். அவன் நிறுத்தவே இல்லை, அவள் கொடுக்கவும் இல்லை.