சொல்லாத பெயர்

"அவிய பேரை நான் எப்பிடிச் சாமி சொல்றது?" என்று அந்தக் காபி பறிக்கும் பெண் முந்தானையைக் கடித்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. அன்று மாலை மானேஜர் கையெழுத்திடவிருந்த குடியிருப்புப் பட்டியலில் அந்தப் பெண் இல்லை. இல்லாதவர்களுக்கு வீடும் இல்லை. காலையிலிருந்து வாசலிலேயே நின்றார்.

தொழிலாளர் அட்டவணையையும் வீட்டு அட்டவணையையும் கணவர் பெயரை வைத்து எஸ்கியூஎல் என்ற கணினி மொழியில் இணைத்திருந்தேன். பெயர் சொல்லாத பெண்களுக்கு அந்தக் கட்டம் காலி. காலிக் கட்டம் எதனோடும் பொருந்தாது. பிழை என்றுகூடச் சொல்லாமல் கம்ப்யூட்டர் ஆளையே விட்டுவிடும்.

"சொல்லலீன்னா ஊடு போயிருமுங்கக்கா!" என்றேன்.

"போனாப் போவுது. உம்பட பொட்டிக்காகப் புருசன் பேரைச் சொல்லோணுமாக்கும்!"

அந்தப் பிடிவாதம் இன்றும் எனக்குப் புதிர்தான்.

"ஊட்டு நம்பராச்சும் சொல்லுவீங்களா?"

"அதுக்கென்ன சாமி, எத்தன தடவ வேணும்?"

விசைப்பலகையை இழுத்தேன். இனி வீட்டு எண்ணை வைத்து இணைத்துப் பார்க்க வேண்டும்.