கறி மாதிரி இருக்கும் காளான்

முதல் அறுப்பு அன்றைக்கு இருந்தவர்கள்: மில் வேலையை விட்டுவிட்டுக் காளான் வளர்க்க வந்த அண்ணாச்சி. அவர் வீட்டு அக்கா. அக்காவின் அப்பா, அம்பாசமுத்திரத்தில் பாத்திரக்கடைக்காரர். காளான் படுக்கைக்கு வைக்கோல் அவிக்கிற நான்.

காளான் அறை முன்பு மாட்டுத்தொழுவமாக இருந்தது. மாட்டை விற்றுவிட்டு அண்ணாச்சி சுவரெல்லாம் ஈரச்சாக்கு தொங்கவிட்டார். சூடு பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயும் மாட்டினார். நவீன விவசாயம் ஆகிவிட்டது. உள்ளே போக மருந்துத் தண்ணீரில் கால் கழுவணும். கோயிலுக்குக்கூட நான் அப்படிக் கழுவிப் போனதில்லை. வெயில் வேண்டாம், மண் வேண்டாம் என்று அண்ணாச்சி சொல்லுவார். ஆறு பாயுற ஊரில் நின்று சொல்லுவார்.

மாமனார் பேச்சு ஒன்றுதான். முதல் அறுப்பு விற்றால் அறை இருக்கட்டும். விற்காவிட்டால் மாப்பிள்ளை கடையில் வந்து உட்காரணும்.

நாற்பது பொட்டலம் கட்டினோம். ஒன்றை அக்கா சமைக்க எடுத்துக்கொண்டாள். மிச்சத்தை நான் கூடையில் சுமந்தேன். மறுநாளைக்குத் தாங்காது, கொழகொழத்துவிடும்.

காளான் வளர்ப்புப் பயிற்சியில் அண்ணாச்சிக்கு ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கறி மாதிரியே இருக்கும் என்று சொல்லணுமாம். கறிக்கடைப் பக்கமே போகாத மனுசர், சைவக்காரர் தெருவில் முதல் வாசலில் நின்று அதைச் சொன்னார்.

அந்த வீட்டுப் பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "கறி மாதிரி இருக்கும்னு உமக்கு எப்படி வே தெரியும்?"

நாங்கள் தெருக்கோடிக்குப் போகுமுன்னே அண்ணாச்சி கறி தின்கிற சேதி போய்ச் சேர்ந்துவிட்டது. கதவெல்லாம் சாத்தியிருந்தது.

ஆத்தங்கரைத் தெருவில் கறி தின்கிறவர்கள். அங்கேயும் அதே வாக்கியம்தான். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தவில்லை.

"கறியே கிடைக்கு. கறி மாதிரி எதுக்கு அண்ணாச்சி?"

சாயங்காலம் திரும்பினோம். மாமனார் உட்கார்ந்திருந்தார். அக்கா காளான் சொதி வைத்திருந்தாள், தேங்காய்ப்பால் ஊற்றி. வைத்தது முற்றத்தில், மூன்று கல் கூட்டி, விளிம்பு உடைந்த பழைய சட்டியில். அடுக்களையில் வைத்தால் வாடை வரும் என்று சொன்னாள். மாமனார் அந்த அடுப்பையே பார்த்தார்.

"நீயே அடுக்களைக்குள்ள விடலியே. ஊர்க்காரன் விடுவானா?"

ஏழு மணிக்குக் கடை திறக்கணும் என்று மருமகனிடம் சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டினார். அண்ணாச்சி சரி என்றார்.

சொதியை யாரும் தொடவில்லை. நான் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. கறி மாதிரி இல்லை.

பிறகு எருக்குழியில் கூடையைக் கவிழ்த்தேன்.

முப்பத்தொன்பது.