பாண்ட் மாஸ்டரின் உச்ச சுரம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று நியூசிலாந்தில், ஒக்லாந்து கிளென்ஃபீல்டில் ஏழு வேன் ஓடும் பெயின்ட் கம்பெனி என்னுடையது. ட்ரம்பெட்டும் அப்படித்தான், மன்னாரில் மாதா கோயில் பாண்டில் கேட்டுக் கேட்டே பிடித்தேன். நோட்ஸ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு தடவை காதில் விழுந்த மெட்டு பிறகு என்னை விட்டுப் போகாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உள்ளது அப்படி.

ஸ்விங் இசைக் காலத்தில் ஒக்லாந்தில் ஒரு பெரிய பாண்ட் மாஸ்டர் இருந்தார். இறைச்சிக் கடைக்காரரின் மகன். போர்க்காலத்தில் லீவில் வந்த சிப்பாய்களை ட்ரம்பெட் ஊதியே ஆடவைத்தவர். பதினான்கு பேரை வைத்துச் சனிக்கிழமைதோறும் மண்டபத்தை நிறைத்தவர். ராக் அண்ட் ரோல் வந்து அந்தக் கூட்டம் கலைந்தபின் கடையில் நின்று பியானோ விற்றார். ஞாயிறு பின்னேரங்களில் மட்டும் பாண்டை விடவில்லை. அவர் செத்துப்போன பிறகும் அது நடக்கிறது. நான் அங்கே மூன்றாம் ட்ரம்பெட்.

அவர் நினைவாக வருடாவருடம் நடக்கும் பிறந்தநாள் நடனத்தில் அவருடைய தனிவாசிப்பை ஒருவர்தான் ஊதலாம். அந்த இடம் எனக்கு வேண்டும். அவருடைய பழைய ரெக்கோர்டை மூன்று வருடம் கராஜில் போட்டுப் போட்டு ஊதினேன்.

"செத்தவீட்டுக்கு ஊதிப் பழகின ஆள் நீங்கள்," என்றாள் மனைவி. "அங்க சனம் ஆட வருதப்பா, அழ இல்லை."

"நான் ஊதினா செத்ததும் எழும்பி ஆடும்."

"ஓம் ஓம், சத்தம் தாங்கேலாம எழும்பும்."

ஒத்திகையில், இப்போது பாண்டை நடத்தும் பியானோக்காரி என்னை ஊதவைத்துப் பார்க்க, அந்தத் தனிவாசிப்பின் நோட்ஸ் காகிதத்தை என் முன்னால் வைத்தார். ஓரமாகத் தள்ளிவிட்டு ஊதினேன். பாண்ட் மாஸ்டரின் மனைவி, தொண்ணூறு தாண்டியவர், முன்வரிசையில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். உச்ச சுரத்தைக் கொஞ்சம் கீழே பிடித்து, கரகரக்கவிட்டு, மேலே வழுக்கி ஏற்றினேன். பியானோ நின்றது.

"அது என்ன? காகிதத்தில் அப்படி இல்லையே."

"ரெக்கோர்டில் அப்படித்தான்."

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த கைப்பை கீழே விழுந்தது. "அன்றைக்கு அவருக்குப் பல்வலி! ஸ்டூடியோவில் நேரம் முடிந்துவிட்டது, திரும்ப எடுக்க முடியவில்லை. ரெக்கோர்டில் அந்த இடம் வந்தால் அறையை விட்டே ஓடிவிடுவார்!"

பாண்டே சிரித்தது. மூன்று வருடமாக அவருடைய பிழையைத்தான் மெருகேற்றியிருக்கிறேன்! முகம் சுட்டது. ஆனாலும் கேட்கிறேன், ஒரு பிழையை அவ்வளவு சுத்தமாகப் பிடிக்க வேறு எவனுக்குக் காது இருக்கிறது?

"நடனத்தன்று காகிதத்தில் உள்ளபடி ஊதுங்கள்," என்றார் பியானோக்காரி. "இல்லையென்றால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன்."

"கொடுத்தால் நான் வரமாட்டேன்," என்றார் அந்த அம்மா. "சரியாக ஊதின எத்தனையோ பேரைக் கேட்டுவிட்டேன். இன்றைக்குத்தான் அவரே எழுந்து ஊதினதுபோல் இருந்தது."

இடம் எனக்குத்தான். நடனத்தன்று, அந்த அம்மா மகளின் கையைப் பிடித்து மெல்ல ஆடிக்கொண்டிருந்தார். அந்தச் சுரத்துக்கு நான் மூச்சை இழுத்ததும், காதைப் பொத்திக்கொண்டு கதவுப்பக்கம் ஓடுவதுபோல் நடித்தார். மண்டபம் அதிரச் சிரித்தது. நான் இன்னும் கொஞ்சம் கூடவே வழுக்கி ஏற்றினேன்.