ரேடார் டிடெக்டர் விற்ற நாலு வருஷம்

ரேடார் டிடெக்டர் வாங்க வருகிற எவரும் தனக்காக வாங்குவதில்லை; எல்லோரும் மச்சானுக்காகத்தான் வாங்குகிறார்கள்.

திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள் நான். வீட்டுக்காரருக்கு ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, 2013-ல் இங்கே வந்து சேர்ந்தோம். என் படிப்புக்கு இந்த ஊர் கொடுத்த முதல் மரியாதை, கிளென் ஈடனில் ஒரு கார் சாமான் கடையின் கவுன்டர். பாட்டுப்பெட்டி, ரிவர்ஸ் கேமரா, அலாரம் எல்லாம் விற்போம், மாட்டியும் கொடுப்போம். முதலாளி மாரியப்பன் மலேசியத் தமிழர். அவரை பாஸ் என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணன் என்றால் சம்பளம் கூடக் கேட்பேன் என்று அவருக்குப் பயம்.

கடையில் வேகமாக நகர்ந்த சரக்கு ரேடார் டிடெக்டர். உள்ளங்கை அளவு கறுப்புப் பெட்டி. காரின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டிவைத்தால், வேகத்தை அளந்து அபராத டிக்கெட் கொடுக்கிற போலீஸ் ரேடாரின் அலை வரும்போது 'பீப் பீப்' என்று கத்தும். நியூசிலாந்தில் இதை வைத்துக்கொள்ளத் தடை இல்லை. ரேடாரையே குழப்பிவிடுகிற ஜாமர் சட்டவிரோதம். அதை நாங்கள் தொடமாட்டோம். இந்த மூன்று வாக்கியத்தையும் நாலு வருஷத்தில் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்பது, கவுன்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும்.

சார் இல்லையா?

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம். நம்மூர்க்காரர் ஒருவர் வந்து, என் தலைக்குமேல் எட்டிப் பார்த்து, "சார் இல்லையா?" என்றார். "வெளியே போயிருக்கார், என்ன வேணும் சொல்லுங்க" என்றேன். தயங்கித் தயங்கி, போலீஸ் வேகம் பார்க்கிற லேசர் துப்பாக்கியை இந்தப் பெட்டி கண்டுபிடிக்குமா என்று கேட்டார். ரேடார் அலை பரவிவரும், அதனால் முன்கூட்டியே தெரியும்; லேசர் ஒரே கோடாக உங்கள் காரைக் குறிவைத்து வரும், பெட்டி கத்தும்போது உங்கள் வேகம் போலீஸ்காரர் கையில் இருக்கும் என்று விளக்கினேன். பாலிடெக்னிக்கில் கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தார். பாஸ் வந்ததும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். பாஸ் என்னைக் காட்டி, "அவங்கதான் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார், அவங்களைக் கேளுங்க" என்றார். வந்தவர் பாஸின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "அவங்க சொல்லிட்டாங்க சார். அதையே நீங்க ஒரு தடவை சொன்னீங்கன்னா எனக்கு நிம்மதியா இருக்கும்."

தக்காளி ரேடார்

சரவணன் கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேர் டெஸ்டர். எதை வாங்கினாலும் சோதித்துப் பார்ப்பது தொழில் தோஷம். கடையிலிருந்ததில் விலை குறைந்த டிடெக்டரை, நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, வாங்கிப் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். பெட்டி எங்கே, எத்தனை மணிக்குக் கத்தியது என்று ஒரு பக்கம். அங்கே என்ன இருந்தது என்று இன்னொரு பக்கம். சூப்பர்மார்க்கெட், மருந்துக்கடை, பெட்ரோல் பங்க், மறுபடி சூப்பர்மார்க்கெட். மூன்றாவது பக்கத்தின் அடியில் ஒரே ஒரு ஸ்பீட் கேமரா.

விஷயம் இதுதான். தானாகத் திறக்கிற கடைக் கதவுகளில் ஆள் வருவதைப் பார்க்க ஒரு குட்டி ரேடார் இருக்கும். மலிவான பெட்டிக்கு அதுவும் போலீஸும் ஒன்று. டவுனுக்குள் ஓட்டும்போது அமுக்கிக்கொள்ள ஒரு பட்டன் இருக்கிறது, அமுக்கினால் கதவுச் சத்தம் குறையும், கூடவே நிஜமான கேமராச் சத்தமும் கொஞ்சம் குறையும் என்றேன். சரவணன் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டு, வருத்தமே இல்லாத குரலில் கேட்டார்: "ஏனுங்க மேடம், இது போலீஸ் நிக்கிறதைச் சொல்லுதுங்களா, இல்ல ஜனங்க தக்காளி வாங்கப் போறதைச் சொல்லுதுங்களா?"

சிவராசா ஐயாவின் ஜாமர்

சிவராசா ஐயா யாழ்ப்பாணத்தவர், சான்ட்ரிங்ஹாமில் கணக்காளர். ஒரு நாள் துணிப்பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்துக் கவுன்டரில் வைத்தார். இன்டர்நெட்டில் வாங்கின ஜாமராம். "பிள்ளை, சிகரெட் லைட்டரிலை செருகித்தான் நாலு மாதமா ஓடுறன். வயர் வெளியிலை தெரியுது. உள்ளுக்குள்ளை பூட்டித் தாங்கோ" என்றார். ஜாமர் என்ற சொல்லைக் கேட்டதும் பாஸுக்கு முகம் வெளுத்தது. கடைக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னார். பிறகு அவருக்கே ஆசை தாங்கவில்லை. "சும்மா திறந்து மட்டும் பார்ப்போம்" என்று ஸ்க்ரூ டிரைவரை என்னிடம் நீட்டினார்.

திறந்தேன். உள்ளே ஒரு நீல விளக்கு. அதை எரியவைக்க ஒரு வயர். கையில் எடுத்தால் கனமாகத் தெரிய வேண்டும் என்று பசைபோட்டு ஒட்டின ஓர் இரும்புத் துண்டு. வேறு எதுவும் இல்லை. பாஸ் பெருமூச்சு விட்டு, "இது சட்டவிரோதம் இல்லலா, தாராளமா வச்சுக்கலாம்" என்றார். நான் ஐயாவிடம் இதமாகச் சொல்லப் பார்த்தேன்: இது விளக்கு மட்டும்தான், இத்தனை நாள் உங்களைக் காப்பாற்றியது உங்கள் அதிர்ஷ்டம்.

அவர் இரும்புத் துண்டை எடுத்து உள்ளங்கையில் கனம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் துணிப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டு, என்னைக் குற்றவாளியைப் பார்ப்பது போலப் பார்த்துச் சொன்னார்: "நாலு மாதமா ஒரு டிக்கெட்டும் வரேல்லை பிள்ளை. நீங்கள் திறந்தபடியாத்தான் இனி வேலை செய்யாது."

ரிடையர்டு ஆள்

உயரமாக, நரைத்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரர். பெயர் கிரெக். இருக்கிறதிலேயே விலை கூடின டிடெக்டரைக் கேட்டார். மச்சான் கதையும் சொல்லவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. எந்த அலைவரிசை, எத்தனை மீட்டர் என்று எனக்கே பாடம் எடுத்தார். எப்படி இவ்வளவு தெரியும் என்று கேட்டேன். முப்பது வருஷம் டிராஃபிக் போலீஸில் இருந்து போன மாதம் ஓய்வு பெற்றாராம். உங்களுக்கு எதற்கு இது என்று வாயில் வந்துவிட்டது. அவர் கூச்சமே இல்லாமல் இங்கிலீஷில் சொன்னதன் தமிழ் இது: "நான் எங்கெல்லாம் ஒளிஞ்சு நின்னேன்னு எனக்குத் தெரியும்மா. இப்ப இருக்கிற பசங்க எங்க நிக்கிறாங்கன்னுதான் தெரியல."

எப்சம் டாக்டரம்மா

சிங்கப்பூர்த் தமிழர், எப்சமில் பல் டாக்டர். பெயர் மாலதி. கணவரின் பிறந்தநாளுக்கு டிடெக்டர் வாங்கினார். வந்த அத்தனை வாடிக்கையாளர்களிலும் உண்மையிலேயே வேறொருவருக்காக வாங்கியவர் அவர் ஒருவர்தான். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்ததும், சரவணனின் நோட்டு ஞாபகத்துக்கு வந்து, கதவுச் சத்தத்தைக் குறைக்கிற பட்டனைக் காட்டப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். அந்தப் பட்டன் வேண்டாம். எதுவுமே இல்லாதபோதும் கத்துகிற மாதிரி மாற்ற முடியுமா என்று கேட்டார். நல்லா வேலை செய்கிற பெட்டியை எதற்குக் கெடுக்க வேண்டும் என்றேன். டாக்டரம்மா சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்: "அது கத்தினா உடனே ஸ்லோ பண்றார். பதினெட்டு வருஷமா பக்கத்து சீட்ல உட்கார்ந்து நான் கத்துறேன், ஒரு தடவை பிரேக் மேல கால் போனதில்ல."

கார்த்திக்

இதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கார்த்திக் மதுரைப் பையன், முப்பது வயதுக்குள் இருக்கும். மங்கரேயில் விமான நிலையத்துப் பக்கம் ஒரு கூரியர் கம்பெனியில் வேன் ஓட்டினான். மனைவி சுதா நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்; வீட்டில் ஒரே சம்பளம் அவனுடையது. இங்கே போலீஸ் நேரில் பிடித்துத் தருகிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் லைசென்ஸில் புள்ளி ஏறும். இரண்டு வருஷத்துக்குள் நூறு ஆனால் மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது. கார்த்திக் எண்பதில் நின்றான். "அக்கா, இன்னொரு தடவை மாட்டினா வேலை போச்சு" என்று வந்து நின்றவனிடம், "கொஞ்ச நாள் நிதானமா ஓட்டுப்பா, கூட இதுவும் இருந்தா உதவும்" என்று சொல்லி நான்தான் விற்றேன். முதல் பாதியைச் சாதாரணமாகவும் இரண்டாம் பாதியை அழுத்தியும் சொன்னேன் என்பது எனக்கு மட்டும் தெரியும். விற்பனைக்காரர்களுக்கு அது கை வந்த கலை.

பத்தாவது நாள், மோட்டார்வேயில் ஒரு மேம்பாலத்தின் மேல் லேசர் துப்பாக்கியோடு போலீஸ். பெட்டி ஒரே ஒரு தடவை நீளமாகக் கத்தியிருக்கிறது. அவன் பிரேக்கை மிதிக்கும்போது எல்லாம் முடிந்துவிட்டது. லைசென்ஸ் மூன்று மாதம் போயிற்று. நல்லவேளை, அவன் மேனேஜர் வேலையை விட்டு அனுப்பவில்லை. ஷெட்டுக்குள்ளே பார்சல் அடுக்கச் சொன்னார். ஓவர்டைம் கிடையாது. அதுவரை இந்த ஊரில் ஸ்டியரிங்கைத் தொடாத சுதா, ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு தினமும் காலையில் அவனை மங்கரேயில் இறக்கிவிட்டு, காலேஜுக்குப் போனாள். இது தெரிந்த பிறகு, பாஸிடம் சொல்லி, முழுப்பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறோம், வா என்று செய்தி அனுப்பினேன். பதிலே இல்லை.

மூன்று மாதம் முடிந்த வாரம் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். பெட்டியைக் கவுன்டரில் வைத்தான். "சுதா இப்ப என்னைவிட நல்லா ஓட்டுறாக்கா. அவ பக்கத்துல உட்கார்ந்துதான் ரோட்டையே பார்த்தேன்" என்றான். எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "நான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும் கார்த்திக், தப்பு என்னுது" என்றேன். அவன் பணத்தை வாங்க மறுத்து, பெட்டியை மட்டும் என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னான்: "நீங்களும் பொய் சொல்லல, இதுவும் பொய் சொல்லலக்கா. மாட்டிக்கிட்டடான்னு கரெக்டாத்தான் சொல்லுச்சு."

பாஸ்டருக்கு ஒரு டெமோ

அதன் பிறகு நான் யாருக்கும் பேச்சில் விற்பதில்லை என்று முடிவெடுத்தேன். நேரில் ஓட்டிக் காட்டி, எது முடியும், எது முடியாது என்று அவர்களே பார்க்கட்டும். இந்த நேர்மையில் முதலில் மாட்டியவர் பாஸின் சர்ச் பாஸ்டர். மலேசியத் தமிழர், அறுபது வயது, மருமகனுக்காக வாங்க வந்திருந்தார். அவருடைய காரிலேயே டிடெக்டரை ஒட்டி, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஸ்பீட் கேமரா கம்பம் இருக்கிற ரோட்டுக்கு ஓட்டிப்போனேன். "இப்பப் பாருங்க ஐயா, கம்பத்துக்கு ரொம்ப முன்னாடியே கத்தும்" என்று பெட்டியையே பார்த்துக்கொண்டு போனேன். புதுசாக வைத்த கேமரா. அலை மெலிசு, ரோட்டுக்குக் குறுக்கே போகிறது. கம்பத்துக்கு நேராக வந்தபோதுதான் பெட்டி கத்தியது. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தேன். ஐம்பது போக வேண்டிய இடத்தில் அறுபத்து மூன்று.

கேமரா டிக்கெட் காரின் சொந்தக்காரர் பேருக்குத்தான் போகும். பத்து நாள் கழித்து, ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, பாஸ்டர் அந்த டிக்கெட் கடிதத்தைக் கடைக்கே கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். அவர் மனைவிதான் உறையைப் பிரித்தாராம். அந்த ரோட்டில் உங்களுக்கு என்ன வேலை என்று இரண்டு நாள் விசாரணை நடந்ததாம். ஓட்டியது நான்தான் என்று ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாஸ் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்; சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்டேன். பெட்டியைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டேன், பழக்கம் விடவில்லை. பாஸ்டர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கனிவு குறையாமல் சொன்னார்: "வேணாம்மா. எத்தனையோ கடையில டெமோ பார்த்திருக்கேன், வாங்கக் கூடாதுன்னு இவ்வளவு தெளிவா யாரும் காட்டினதில்ல."

இதெல்லாம் டிக்கெட்டிலிருந்து காப்பாற்றுமா என்று இன்றும் யாராவது கேட்டால், காப்பாற்றும், மெதுவாக ஓட்டுகிறவர்களை நிச்சயம் காப்பாற்றும் என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்வேன்.