செஸ்ட்ரோவும் செஸ்ட்ருவும்

போர்ட் பிளேரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றேன். என் கடைசி வருஷத்தில் நடந்தது இது.

மீன்பிடிப் படகுக்காரர் ஒருவர், கவிழ்ந்த கயாக்கைப் பிடித்தபடி கடலில் மிதந்த செர்பிய இளைஞரைத் தூக்கி வந்தார். நெற்றியில் ஆழமான காயம்.

"அகேலாதான் இருந்தாரு சிஸ்டர். கூட யாரையும் காணோம்."

அடிபட்ட அதிர்ச்சியில் அவருக்கு ஆங்கிலம் வரவில்லை. என்னைப் பார்த்ததும், "செஸ்ட்ரோ!" என்றார். அவர்கள் ஊரிலும் நர்ஸை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டு தையலுக்குத் தயார் செய்தேன்.

தையல் முடிந்ததும் டிரிப்பைப் பிடுங்கப் பார்த்தார். "செஸ்ட்ரு! செஸ்ட்ரு!"

வார்டு உதவியாளர் காசிம் பாய், "உங்களத்தான் கூப்பிடறாரு, ஜல்தி வாங்க" என்றார். அருகில் போனேன். அந்த இளைஞர் என்னைத் தள்ளிவிட்டு வாசலைக் காட்டினார்.

"ஹெட் இஞ்சுரி, கன்ஃப்யூஷன்ல இருக்காரு. ஸ்கேன் எடுக்கணும், தூக்க ஊசி ரெடி பண்ணுங்க" என்றார் டாக்டர்.

ஜெல்லிமீன் கொட்டி வந்திருந்த ரஷ்யப் பெண்மணி ஒருவர் அடுத்த கட்டிலில் இருந்தார். மொழி ஆசிரியை. சட்டென்று எழுந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்: "பொறுங்கள்! அவர் நர்ஸைக் கூப்பிடவில்லை. செஸ்ட்ரோ என்றால் கூப்பிடுவது. செஸ்ட்ரு என்றால் 'சகோதரியை'. தன் சகோதரியைத் தேடச் சொல்கிறார்!"

டாக்டர் உடனே போனை எடுத்தார். தேடுதல் படகுகள் கிளம்பின.

காத்திருந்த நேரம் முழுக்க அந்த அம்மா இளைஞரின் கையை விடவில்லை. செர்பிய மொழி எப்படிப் புரிந்தது என்று கேட்டேன். ரஷ்ய மொழிக்கும் செர்பிய மொழிக்கும் தாயான பழைய ஸ்லாவ் மொழி ஒன்று உண்டாம். எழுத்தில் எதுவும் மிஞ்சாததால், பிள்ளை மொழிகளை ஒப்பிட்டு அறிஞர்கள் மீட்டெடுத்தார்களாம். அதில் செஸ்ட்ரா என்றால் சகோதரி. சமஸ்கிருத ஸ்வஸாவும் இங்கிலீஷ் சிஸ்டரும் அதே வேர். ஸ்லாவ் நாக்கிலும் இங்கிலீஷ் நாக்கிலும் நடுவே ஒரு 'ட்' நுழைந்துகொண்டது. கூப்பிடும்போது வரும் 'ஓ' ரஷ்ய மொழியில் மறைந்துவிட்டது, செர்பிய மொழியில் இருக்கிறது.

"தமிழ்லயும் உண்டு. அக்கா என்றால் கூப்பிடுவது. அக்காவை என்றால், அக்காவை என்ன செய்ய வேண்டும் என்று அடுத்து ஒரு சொல் வரும்" என்றேன்.

"அதேதான்!" என்றார்.

இருட்டுவதற்குள் போன் வந்தது. அலையாத்திக் காட்டுக்கு அப்பால் ஒரு பாறையில் அவள் உயிரோடு இருந்தாள். பாதமெல்லாம் சிப்பி கிழித்த காயம். வந்து இறங்கியவளைத் தாங்கிப் பிடித்து உள்ளே கூட்டி வந்தோம். தம்பி அழுதார், அவள் அவர் தலைக்கட்டைப் பார்த்துத் திட்டினாள். எந்த மொழியிலும் புரியும் திட்டு.

புதிதாக வரும் நர்ஸ்களுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி நம்மைத்தான் கூப்பிடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டால், அவர் யாரைத் தேடுகிறார் என்பது நம் காதில் விழாது.