பத்து எண்ணி முடிகிற வரை

சட்டைக்குப் பட்டன் ஓட்டை தைக்கிற காஜா அக்கா வேலையைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறாள். காலையிலிருந்து தலை கனமாக இருக்கிறது என்று பக்கத்து மெஷின்காரியிடம் அவள் முணுமுணுத்தது கட்டிங் மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. அவ்வளவுதான். வலது காலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே நின்று எண்ண ஆரம்பித்துவிட்டார்.

"போலீஸ்ல மாட்டுனவ மாதிரி நிக்க வைக்கிறீங்களே மாஸ்டர். மானம் போகுது."

"கிழிஞ்சா தெச்சுக்கலாம். ஏழு... எட்டு..."

பத்து முடிந்ததும் சிரிக்கச் சொல்வார். உதடு இரண்டு பக்கமும் சமமாக விரிகிறதா என்று, சட்டைக் காலரின் இரண்டு முனையைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு பெயரையும் வீட்டு விலாசத்தையும் சொல்லச் சொல்வார். எல்லாம் சரியாக இருந்தால், "போ, வெறும் தலைவலி" என்று அனுப்புவார். எங்கள் தையல் கம்பெனியில் நாற்பது பேரும் இந்தப் பரீட்சையை எழுதியவர்கள். ஒருத்தரும் தப்பவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஒரு ஓட்டை மெஷினை வைத்து ஆரம்பித்து நாற்பது மெஷின் ஓட்டுகிறேன். இதை நான் சொல்லாத கூட்டம் கிடையாது. ஆறு மெஷின் இருந்த காலத்தில் மாஸ்டர் வந்து சேர்ந்தார். இஞ்சு டேப்பை அவர் கழுத்தில் போட்டிருப்பது அழகுக்குத்தான். ஆள் வாசலில் நுழைவதற்குள் கண்ணாலேயே அளவெடுத்துவிடுவார். "முதலாளிக்கு மார்பு முப்பத்தெட்டு. பேச ஆரம்பிச்சா நாப்பத்திரண்டு" என்று என் முன்னாலேயே சொல்வார். நானும் சேர்ந்து சிரிப்பேன். தொழில் தெரிந்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

காதில் சாக்பீஸ் செருகியிருப்பார். துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டையை மேலே வைத்து, ஒரே இழுப்பில் கோடு போடுவார். போட்டதும் இரண்டு தடவை ஊதுவார். அழித்துப் போட்ட கோடு என்று ஒன்றை இருபத்திரண்டு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. அவர் கத்தரிக்கோலை வேறு யாராவது தொட்டால் அன்று முழுக்க அந்த ஆளோடு பேச்சு வார்த்தை இருக்காது.

போன வருஷம் ஒரு நாள் அந்தக் கோடு கோணியது. எண்பது அடுக்கு நீலத்துணி. கை வளைவில் ஆரம்பித்த கோடு வளையாமல் நேராக ஓடித் துணியின் ஓரத்தைத் தாண்டி மேசைப் பலகையில் போய் நின்றது. அப்போதுதான் டீ வந்தது. ஆகையால் மணி பத்தரை. அந்த மணியை நான் மறக்க வழியில்லை.

நாற்பது பேர் முன்னால் கேட்டேன்: "என்ன மாஸ்டர், நேத்து போட்டது இன்னும் எறங்கலையா?"

அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. எனக்கு அது தெரியும். எல்லோரும் சிரிக்கட்டும் என்று சொன்னேன், சிரித்தார்கள்.

"தலை பொளக்குது முதலாளி. கை என் கையா இல்லை" என்றார். நாக்கு கொஞ்சம் தடித்திருந்தது. அவர் வாய் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று காஜா அக்கா எழுந்து நின்று சொன்னாள். உன் பட்டன் ஓட்டையைப் பார் என்று அவளை உட்கார வைத்தேன். அதன் பிறகு என் கதையை எடுத்துவிட்டேன். விரலில் ஊசி இறங்கியபோதும் துணியைச் சுற்றிக்கொண்டு தைத்தவன் நான், தலைவலிக்குப் படுத்திருந்தால் இந்தக் கம்பெனி ஏது, இந்தக் கூரை ஏது. மார்பு அப்போது நாற்பத்திரண்டுக்கும் மேலே இருந்திருக்கும். கடைசியில் பெரிய மனது பண்ணி ஒரு மாத்திரையும் கொஞ்சம் தைலமும் கொடுத்து, துணி மூட்டை மேல் படுக்கச் சொன்னேன்.

இரண்டரை மணிக்கு எழுப்பப் போனபோது அவரால் எழ முடியவில்லை. வலது கை மூட்டையிலிருந்து தொங்கியது. கண் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

என் காரில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். காஜா அக்கா பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் என் பேத்தி வயசில் ஒரு டாக்டரம்மா. முதல் கேள்வியே, "கடைசியா இவர் எப்ப நல்லா இருந்தார்?"

"மத்தியானம் ஒரு மணி வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்தார்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாக என்னைக் காப்பாற்றிக்கொண்டது.

"இல்லைம்மா. பத்தரை. டீ வந்தப்பவே வாய் கோணிப்போச்சு" என்றாள் காஜா அக்கா. என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். மூன்றே கால். மூளைக்குப் போகும் குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் அதைக் கரைக்க ஊசி உண்டாம். ஆரம்பித்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அந்த நேரம் தாண்டிவிட்டது என்றார். ஒரு மணி என்று நம்பிப் போட்டிருந்தால் மூளைக்குள் ரத்தம் கசிந்து ஆளே போயிருக்கலாம் என்பதையும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன், எனக்கு அது பழக்கம்.

ஐந்து மாதம் கழித்து, ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட இந்தப் பத்து எண்ணும் பரீட்சையோடு மாஸ்டர் திரும்பி வந்தார். வலது கை பேன்ட் பாக்கெட்டுக்குள் இருக்கும். கோடு போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் நின்று இடது கைவிரலால் திருத்துவார். சாக்பீஸ் இன்னும் காதில்தான் இருக்கிறது. யார் விசாரித்தாலும், "முதலாளி கார்ல பறந்து வந்ததாலதான் உயிர் தங்கிச்சு" என்பார். நானும் விட்டேனா? போகிற இடமெல்லாம் நான் கார் ஓட்டிய கதைதான். சிக்னலைத் தாண்டியது, வாசலில் ஸ்ட்ரெச்சர் கேட்டுக் கத்தியது, எல்லாம் உண்மை. பத்தரையையும் ஒரு மணியையும் மட்டும் விட்டுவிடுவேன். அந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் காஜா அக்கா நூல் கோக்கக் குனிந்துகொள்வாள்.

போன வாரம் வாய் தவறி, தலை வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன். மாஸ்டர் என் மேசைக்கு வந்தார்.

"எழுந்திரிங்க முதலாளி."

"எனக்கு ஒண்ணுமில்லை மாஸ்டர்."

"அதை நான் சொல்லணும். கண்ணை மூடுங்க. கையை நீட்டுங்க."

நாற்பது பேர் முன்னால் நின்றேன். ஒன்று என்றார், இரண்டு என்றார். கண் மூடியிருந்ததால்தான் சொல்ல முடிந்தது.

"மாஸ்டர், அன்னைக்கு டாக்டர்கிட்ட ஒரு மணின்னு சொன்னேன். பத்தரைன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

பக்கத்து மெஷின் நின்றது. பிறகு அடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் நின்றன.

"தெரியும். மூணு" என்றார்.

என் கைகள் இரண்டும் சேர்ந்தே கீழே இறங்கின. நான் இறக்கவில்லை.

"எறக்காதீங்க முதலாளி. இன்னும் ஏழு இருக்கு."

கண்ணைத் திறந்தேன். இடது கையை என் இரண்டு முழங்கைகளுக்கும் அடியில் குறுக்கே கொடுத்து, இரண்டையும் மெல்லத் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தபடி, அவர் நாலு என்று எண்ணினார்.